உப்பிட்ட பன்றி இறைச்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆங்கிலக் கதைகளைப் படிக்கும் மாணவர்கள் ஒரு காலையுணவுக் காட்சியைப் பலமுறை சந்தித்திருப்பீர்கள். கதைமாந்தர் மேசைமுன் அமர்கின்றனர். பொரித்த முட்டையும் அதனருகே பேக்கன் துண்டுகளும் தட்டில் வருகின்றன. பேக்கன் என்பது யாது என்று அகராதியைப் புரட்டினால் 'உப்பிட்டுப் பதம் செய்த பன்றி இறைச்சி' என்ற பொருள் கிடைக்கும். அத்துடன் நாம் மேலே படிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

ஆனால் பேக்கன், ஹாம், சாசேஜ் ஆகிய இப்பொருள்களைப் பற்றி மேலைநாட்டு மக்களிடையே வழங்கிவரும் நம்பிக்கைகள் பல. 'புரதக் களஞ்சியம்' என்று புகழ்வோர் ஒருபுறம். 'புகையிலைக்கு ஒப்பான நஞ்சு' என்று இகழ்வோர் மறுபுறம். இரு சாராரும் அறிவியலையே சான்றுக்கு அழைக்கின்றனர். ஒரே அறிவியல் எங்ஙனம் இரு வேறு தீர்ப்புகளை வழங்க முடியும்? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விறைச்சியை உண்பதா, விலக்குவதா என்பது அவரவர் சமயத்தையும் பழக்கத்தையும் பொறுத்தது. அதனுள் நாம் புக வேண்டுவதில்லை. உணவைப் பற்றிய ஒரு கூற்றை எப்படி எடைபோடுவது என்பதே இங்கு நாம் கற்க வேண்டிய பாடம். அப்பாடம் எந்த உணவுக்கும் பயன்படும்.

பதம் செய்தது எதற்காக?

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் கொள்வோம். பன்றி இறைச்சியை உப்பிட்டுப் பதம் செய்தது அதன் ஊட்டத்தை உயர்த்துவதற்காக அன்று; அது கெடாமல் இருப்பதற்காகவே. ஐரோப்பிய உழவர் குடும்பங்கள் குளிர்காலம் நெருங்கும்போது பன்றியை அடிப்பது வழக்கம். அத்துணை இறைச்சியையும் ஒரே வாரத்தில் உண்டுவிட இயலாது. குளிர்ப்பெட்டியும் அக்காலத்தில் இல்லை. எனவே உப்பைத் தேய்த்தும், உப்புநீரில் ஊறவைத்தும், புகையூட்டியும், காற்றில் உலர்த்தியும் அடுத்த பருவம்வரை காப்பாற்றினர். பின்தொடையைப் பதம் செய்தால் ஹாம். வயிற்றுப்பகுதியையோ முதுகுப்பகுதியையோ பதம் செய்தால் பேக்கன். அமெரிக்கர் வயிற்றுப்பகுதியையும் ஆங்கிலேயர் முதுகுப்பகுதியையும் விரும்புகின்றனர். நம் கடற்கரையில் மிகுதியான மீனைக் கருவாடாக்கும் அதே அறிவுதான் அங்கும் வேலை செய்தது.

இன்று குளிர்ப்பெட்டி வந்துவிட்டது. பதம் செய்வதற்கான தேவை மறைந்துவிட்டது. ஆயினும் சுவை நாவில் தங்கிவிட்டது. தேவை மறைந்த பின்னும் ஒரு பொருள் விற்பனையாக வேண்டுமானால் அதற்குப் புதிய காரணங்கள் கற்பிக்கப்படும். ஊட்டத்தைப் பற்றிய நம்பிக்கைகளுட் பல அவ்வாறு பின்னால் வந்து சேர்ந்தவையே.

மருத்துவர்கள் சொன்ன காலையுணவு

'முட்டையும் பேக்கனும் சேர்ந்த கனமான காலையுணவே உடலுக்கு வலிமை தரும்; மருத்துவர்களே அவ்வாறு கூறியிருக்கிறார்கள்' என்பது அமெரிக்கரின் பழைய நம்பிக்கை. மருத்துவர்கள் கூறியது உண்மைதான். ஆனால் யார் கேட்டு, எதைக் கூறினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

1920-களில் அமெரிக்காவில் பேக்கன் விற்ற பீச்-நட் நிறுவனம் தன் விற்பனையைப் பெருக்க விரும்பி எட்வர்டு பெர்னேஸ் என்பவரை அமர்த்தியது. மக்கள் கருத்தை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டவர் அவர். உளவியல் அறிஞர் சிக்மண்டு பிராய்டின் மருமகன் முறையினர். பெர்னேஸ் விளம்பரப் பலகை எதையும் எழுதவில்லை. தம்முடன் தொடர்புடைய ஒரு மருத்துவரைக் கொண்டு, ஏறத்தாழ 5,000 மருத்துவர்களுக்கு மடல் எழுதச் செய்தார். 'இலேசான காலையுணவு நல்லதா, கனமான காலையுணவு நல்லதா?' என்பதே கேள்வி. சுமார் 4,500 பேர் கனமானதே நல்லது என விடை எழுதினர். இச்செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. கனமான காலையுணவுக்கு எடுத்துக்காட்டாகப் பேக்கனும் முட்டையும் குறிப்பிடப்பட்டன. இவ்வரலாற்றைப் பெர்னேசே பிற்காலத்தில் பெருமையுடன் எடுத்துரைத்திருக்கிறார்.

இதிலுள்ள குறையை நீங்களே காணலாம். மருத்துவர்களிடம் பேக்கனைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர்கள் எந்தச் சோதனையும் நடத்தவில்லை; தம் கருத்தைச் சொன்னார்கள். கூழோ, ரொட்டியோ, பாலோ கூடக் கனமான காலையுணவாக இருக்கலாம். 'கனமானது நல்லது' என்ற முதல் கூற்றிலிருந்து 'பேக்கன் நல்லது' என்ற முடிவுக்குத் தாவியது தருக்கமன்று, வணிகம். வாக்குகளை எண்ணி அறிவியல் உண்மையை நிறுவ முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

புரதக் களஞ்சியமா?

அடுத்த நம்பிக்கை எண்களின் துணையோடு வருகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைகளைப் பார்த்தால், பொரித்த பேக்கன் 100 கிராமில் ஏறத்தாழ 37 கிராம் புரதம் இருப்பதாகக் காணலாம். கொழுப்பற்ற மாட்டிறைச்சியில்கூட இவ்வளவு இல்லை! எனவே பேக்கனே புரதத்தில் முதன்மையானது என்று வாதிடுவோர் உளர்.

எண் சரி, முடிவு தவறு. பொரிக்காத பேக்கன் 100 கிராமில் இருக்கும் புரதம் ஏறத்தாழ 12 அல்லது 13 கிராம் மட்டுமே. வாணலியில் புதிய புரதம் முளைத்துவிட்டதா? இல்லை. பொரிக்கும்போது நீர் ஆவியாகிறது. கொழுப்பு உருகி வடிகிறது. 100 கிராம் பேக்கன், பொரித்தபின் 30 முதல் 35 கிராமாகச் சுருங்கிவிடுகிறது. எஞ்சிய அந்தச் சிறு எடையில் பழைய புரதம் முழுவதும் செறிந்திருக்கிறது. அதனை மீண்டும் 100 கிராமுக்குக் கணக்கிட்டால் 37 என்ற எண் வருகிறது, அவ்வளவே. பச்சை மீனையும் கருவாட்டையும் எடைக்கு எடை ஒப்பிட்டால் கருவாட்டில் புரதம் மிகுந்து காணப்படுவதும் இதே காரணத்தால்தான்.

இரண்டாவதாக, 100 கிராம் பொரித்த பேக்கனை ஒரு வேளையில் உண்பவர் அரியர். மெல்லிய ஒரு துண்டு பொரித்தபின் 8 கிராம் எடையே இருக்கும். மூன்று துண்டுகள் உண்பதாகக் கொள்வோம். கிடைக்கும் புரதம் 9 கிராம். கொழுப்பு 10 கிராம். ஆற்றல் சுமார் 130 கலோரி. ஒரு கிராமுக்குக் குறையாத உப்பு. ஒன்றரைக் கோழிமுட்டையில் அதே 9 கிராம் புரதம் இருக்கிறது. கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அம்முட்டையில் இயல்பாக உள்ள சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் கால் கிராம்தான் தேறும்.

மூன்றாவதாக, ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு கிராம் புரதம் 4 கலோரியும் ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருவதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். பொரித்த பேக்கன் 100 கிராமில் புரதம் 37 கிராம், கொழுப்பு 42 கிராம். 37-ஐ 4-ஆல் பெருக்க 148. 42-ஐ 9-ஆல் பெருக்க 378. அதாவது, பேக்கன் தரும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானது கொழுப்பினின்று வருவது. ஆகவே அதனைப் 'புரதமும் கலந்த கொழுப்புணவு' என்பதே பொருந்தும்.

ஹாமின் நிலை வேறு. கொழுப்பு நீக்கிய ஹாம் 100 கிராமில் புரதம் 20 கிராம் அளவிலும் கொழுப்பு 5 கிராம் அளவிலும் இருக்கும். இதனைப் புரத உணவு என்று கூறுவதில் தவறில்லை. ஆனால் உப்பைப் பாருங்கள்: 100 கிராம் ஹாமில் ஏறத்தாழ 3 கிராம் உப்பு. உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் வகுத்துள்ள எல்லை 5 கிராமுக்கும் குறைவு. பதம் செய்யாத பன்றி இறைச்சியிலும் அதே புரதம் உண்டு. சோடியமோ ஹாமில் உள்ளதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே. புரதத்திற்காக ஹாமை உண்கிறேன் என்பவர், அந்தப் புரதத்திற்கு உப்பு வடிவில் ஒரு விலை கொடுக்கிறார். குருதி அழுத்தம் உள்ளவர்க்கு அந்த விலை சிறிதன்று.

கொழுப்பு பற்றி இரு கட்சிகள்

'பன்றிக்கொழுப்பு முழுவதும் நிறைவுற்ற கொழுப்பே. இதயத்துக்குப் பகை' என்பது ஒரு கட்சி. 'பன்றிக்கொழுப்பில் ஆலிவ் எண்ணெயில் உள்ள அதே ஒலியிக் அமிலம் உள்ளது. எனவே இதயத்துக்கு நட்பு' என்பது மறுகட்சி. இரண்டுமே பாதி உண்மைகள்.

பன்றிக்கொழுப்பில் உள்ள கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் நிறைவுற்றவை. ஏறத்தாழ 45 சதவீதம் ஓரிடத்தில் மட்டும் நிறைவுறாதவை. இவற்றுள் பெரும்பகுதி ஒலியிக் அமிலமே. எஞ்சியவை பல இடங்களில் நிறைவுறாதவை. ஆகவே 'முழுவதும் நிறைவுற்றது' என்பது பிழை. தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற பகுதி 90 சதவீதத்தை ஒட்டியிருப்பதை ஒப்புநோக்குக. ஆனால் ஆலிவ் எண்ணெயில் நிறைவுற்ற பகுதி சுமார் 14 சதவீதம்தான். பேக்கனை உண்பவர் ஒலியிக் அமிலத்தை மட்டும் பிரித்தெடுத்து உண்ண முடியாது. உடன்வரும் 40 சதவீதத்தையும் சேர்த்தே உண்கிறார். ஒரு பொருளில் ஒரு நல்ல கூறு இருப்பதனால் அப்பொருள் முழுவதும் நல்லதாகிவிடாது.

ஓர் உண்மையான நன்மை

குறைகளையே அடுக்கிச் செல்வது நேர்மையான மதிப்பீடு ஆகாது. பன்றி இறைச்சிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தயமின் என்னும் வைட்டமின் பி1, பிற இறைச்சிகளைவிடப் பன்றி இறைச்சியில் பல மடங்கு மிகுதி. கொழுப்பற்ற பன்றி இறைச்சி 100 கிராமில் 0.8 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். வளர்ந்தவர்க்கு ஒரு நாளைக்குத் தேவை 1.1 முதல் 1.2 மில்லிகிராம். இந்த வைட்டமின் இன்றேல் பெரிபெரி நோய் வரும் என்பதையும், தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் இது மிகுதியாக எஞ்சுகிறது என்பதையும் நம் வாசகர்கள் அறிவர். ஹாமிலும் தயமினின் பெரும்பகுதி தங்கியிருக்கிறது. எனவே 'ஹாம் தயமினுக்கு நல்ல ஊற்று' என்ற நம்பிக்கை உண்மையே.

ஆனால் இந்தப் புகழைப் பேக்கனுக்கும் சாற்றுவது பொருந்தாது. பொரித்த ஒரு துண்டில் தயமின் 0.03 மில்லிகிராம் அளவே தேறும். ஒரு நாள் தேவைக்கு ஏறத்தாழ நாற்பது துண்டுகள் வேண்டும்! இதே கதைதான் கோலின் என்ற சத்துக்கும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குக் கோலின் தேவை. பேக்கனில் கோலின் உள்ளது. எனவே கருவுற்ற பெண்கள் பேக்கன் உண்ணலாம் என்ற வாதத்தைக் கேட்கிறோம். கருவுற்றவர்க்குப் பரிந்துரைக்கப்படும் அளவு நாளைக்கு 450 மில்லிகிராம். ஒரு துண்டு பேக்கனில் சுமார் 10 மில்லிகிராம். ஒரு முட்டையிலோ 140 மில்லிகிராமுக்கு மேல். 'இருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'எவ்வளவு?' என்று கேட்காவிட்டால் நாம் எளிதில் ஏமாறுவோம்.

செந்நிறத்தின் மறைபொருள்

வேகவைத்த இறைச்சி பழுப்பாக மாறுவது இயல்பு. ஹாம் மட்டும் வெந்தபின்னும் இளஞ்சிவப்பாக இருப்பது ஏன்? அந்நிறத்தைப் புத்தம்புதிய இறைச்சியின் அடையாளமாகவும் இரும்புச்சத்தின் அடையாளமாகவும் கருதுவோர் பலர். உண்மையில் அது ஒரு வேதியியல் வினையின் விளைவு.

முற்காலத்தில் உப்புடன் வெடியுப்பையும் சிறிது சேர்ப்பர். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்டு. 1891-இல் செருமானியரான எடுவார்டு போலென்ஸ்கெ என்பவர், பதம் செய்யும் உப்புநீரில் பாக்டீரியாக்களால் நைட்ரேட்டு நைட்ரைட்டாக மாறுவதைக் கண்டார். 1901-இல் ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் எஞ்சிய புதிரை விடுவித்தார். நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, இறைச்சியின் நிறமியிலுள்ள இரும்புடன் இணைகிறது. சூடாக்கியபின்னும் அச்சிவப்பு நிலைக்கிறது. இதன்பின் நைட்ரேட்டுக்குப் பதிலாக நைட்ரைட்டையே நேரடியாகச் சேர்க்கலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1925-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

ஆகவே செந்நிறம் புதுமையின் அறிகுறியும் அன்று. மிகுந்த இரும்பின் அறிகுறியும் அன்று. ஆனால் 'நைட்ரைட்டு வெறும் சாயம். வணிகர் கண்ணைக் கவரச் சேர்க்கும் நஞ்சு' என்று எதிர்க்கட்சியினர் கூறுவதும் முழு உண்மையன்று. அதற்கு வேறொரு பணியும் உண்டு.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் சாசேஜ் உண்டவர்கள் பார்வை மங்கி, விழுங்க இயலாது, மூச்சடங்கி இறந்தனர். மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் 1820-இலும் 1822-இலும் இந்நோயை விரிவாக எழுதினார். இலத்தீனில் சாசேஜுக்கு 'போட்டுலஸ்' என்று பெயர். அதிலிருந்தே 'போட்டுலிசம்' என்ற நோய்ப்பெயர் உருவாயிற்று. 1895-இல் பெல்ஜியத்தில் எல்செல் என்ற சிற்றூரில், ஓர் இறுதிச்சடங்கில் வாத்தியம் இசைக்க வந்தவர்கள் உப்பிட்ட ஹாமை உண்டனர். பலர் நோயுற்றனர், மூவர் மாண்டனர். எமில் வான் எர்மெங்கம் அந்த ஹாமிலிருந்து நச்சுக் கிருமியைப் பிரித்தெடுத்தார். காற்றில்லா இடத்தில் வளரும் இக்கிருமியை அடக்கி வைப்பதே நைட்ரைட்டின் பணி. ஆகவே அதனை எண்ணிப்பாராமல் அகற்றிவிடச் சொல்வது அறிவுடைமை ஆகாது.

அதே நைட்ரைட்டுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1956-இல் ஆங்கில அறிஞர்களான மெகீயும் பார்ன்சும், டைமெத்தில் நைட்ரோசமீன் என்ற சேர்மம் எலிகளின் கல்லீரலில் புற்றுக்கட்டிகளை உண்டாக்குவதைக் காட்டினர். நைட்ரைட்டு, புரதச் சிதைவில் தோன்றும் அமீன்களுடன் சேர்ந்து இவ்வகைச் சேர்மங்களை உண்டாக்க வல்லது. 1970-களின் தொடக்கத்தில் மிகுசூட்டில் பொரித்த பேக்கனிலேயே நைட்ரோசமீன்கள் கண்டறியப்பட்டன. அதன் விளைவாக 1978-இல் அமெரிக்க அரசு, பேக்கனில் சேர்க்கும் நைட்ரைட்டைப் பத்து இலட்சத்தில் 120 பங்கு என வரையறுத்தது. அத்துடன் வைட்டமின் சி வகைச் சேர்மத்தை 550 பங்கு சேர்க்க வேண்டும் என்றும் விதித்தது. வைட்டமின் சி, நைட்ரைட்டு அமீனைச் சென்று சேருமுன் அதனை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றிவிடுகிறது. ஒரு தீங்கை மூடி மறைக்காமலும் அதைக் கண்டு மிரண்டோடாமலும், வினையின் போக்கை அறிந்து குறைத்தது இங்கே பாராட்டத்தக்கது.

'நைட்ரைட்டு சேர்க்காதது'

இந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டு கடைகளுக்கு வந்திருப்பது 'நைட்ரைட்டு சேர்க்காத' பேக்கன். விலையும் மிகுதி. தாய்மார்கள் பலர் தம் குழந்தைகளுக்காக இதனையே தேடி வாங்குகின்றனர். உறையைத் திருப்பிச் சிறிய எழுத்துகளைப் படித்தால் உண்மை விளங்கும்: 'செலரியில் இயற்கையாக உள்ளதைத் தவிர' என்ற தொடர் அங்கே இருக்கும்.

செலரி என்பது நைட்ரேட்டு மிகுந்த ஒரு கீரை. அதன் சாற்றுப்பொடியிலுள்ள நைட்ரேட்டைப் பாக்டீரியாக்களைக் கொண்டு நைட்ரைட்டாக மாற்றி, அதனை இறைச்சியில் சேர்க்கின்றனர். மூட்டையில் வந்தாலும் கீரையில் வந்தாலும் நைட்ரைட்டு அயனி ஒன்றே. ஓர் அயனி தான் பிறந்த இடத்தை நினைவில் வைத்திருப்பதில்லை. 2019-இல் அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 31 இறைச்சிப் பொருள்களைச் சோதித்தது. 'சேர்த்தவை', 'சேர்க்காதவை' ஆகிய இரண்டிலும் நைட்ரேட்டு, நைட்ரைட்டு அளவுகள் சராசரியில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. எனவே இந்த உறைவாசகம் சட்டத்துக்கு உட்பட்டதாயினும் வாங்குவோரை மயக்குவதே.

உண்மையாகவே நைட்ரைட்டு இன்றிப் பதம் செய்ய முடியாதா? முடியும். இத்தாலியின் பார்மா ஹாமுக்குக் கடலுப்பைத் தவிர வேறு பதப்பொருள் சேர்ப்பதில்லை. ஆனால் தொடையை முழுதாக வைத்து, குளிரில் உப்பேற்றி, ஓராண்டுக்கு மேல் உலர்த்துகின்றனர். நீர் குறைந்து உப்பு மிகுவதால் கிருமி வளர்வதில்லை. அதன் 100 கிராமில் 4 கிராமுக்கு மேல் உப்பு இருப்பதை மறக்கலாகாது. டென்மார்க்கு மற்றொரு வழியைக் காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 150 மில்லிகிராம் நைட்ரைட்டை இசைந்த காலத்திலேயே, டென்மார்க்கு பெரும்பாலான இறைச்சிப் பொருள்களுக்கு 60 மில்லிகிராம் என்ற எல்லையை வைத்திருந்தது; அதனால் அங்கே போட்டுலிசம் பெருகிவிடவில்லை. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியமும் தன் அளவுகளைக் குறைத்து விதி இயற்றியது. அது 2025 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கே மற்றொரு வாதத்தையும் கவனிக்க வேண்டும். 'நாம் உட்கொள்ளும் நைட்ரேட்டில் பெரும்பகுதி காய்கறிகளிலிருந்தே வருகிறது. அவை தீங்கு செய்யவில்லையே. எனவே பேக்கனும் தீங்கற்றது' என்பர். முதற்பகுதி உண்மை. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டில் ஒரு பகுதியை நைட்ரைட்டாக மாற்றுவதும் உண்மை. ஆனால் கீரை தனியாக வருவதில்லை. வைட்டமின் சியையும் நைட்ரோசமீன் உண்டாவதைத் தடுக்கும் பிற பொருள்களையும் உடன் அழைத்துவருகிறது. இறைச்சியோ அமீன்களையும், நைட்ரோசோ சேர்மங்கள் உண்டாவதைத் தூண்டும் ஹீம் இரும்பையும் அழைத்துவருகிறது. ஒரே பொருள் வெவ்வேறு கூட்டத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதை வேதியியல் மாணவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

புகையிலைக்கு இணையா?

இனி எதிர்க்கட்சியினரின் பெருங்கூற்றுக்கு வருவோம். 2015 அக்டோபரில், உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஒரு முடிவை வெளியிட்டது. 10 நாடுகளைச் சேர்ந்த 22 அறிஞர்கள் 800-க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தனர். பதம் செய்த இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு எனக் கண்டு, அதனை முதல் தொகுதியில் சேர்த்தனர். புகையிலையும் அதே தொகுதியில் உள்ளது. மறுநாள் உலகெங்கும் 'பேக்கன் புகையிலைக்கு ஒப்பானது' என்ற தலைப்புகள் வந்தன.

இத்தலைப்பு தவறானது. அம்முகமையின் தொகுதிகள் சான்றின் உறுதியைக் குறிப்பவை; தீங்கின் அளவைக் குறிப்பவை அல்ல. சூரிய ஒளியும் அதே முதல் தொகுதியில்தான் இருக்கிறது. ஒரு சாலையில் மிதிவண்டியும் சுமைவண்டியும் மோதக்கூடும் என்பது இரண்டும் உறுதி. இரண்டின் மோதலும் ஒன்றாகிவிடுமா?

அளவைப் பார்ப்போம். நாள்தோறும் 50 கிராம் பதம் செய்த இறைச்சி உண்பவர்க்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம் உயர்கிறது என்பது அம்முகமையின் கணிப்பு. 50 கிராம் என்பது பொரித்த பேக்கன் ஆறு துண்டுகள். புகைபிடிப்பவர்க்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு உயர்வதோ 15 முதல் 30 மடங்கு. 18 சதவீதம் என்பதைக் கேட்டு, நூறு பேரில் 18 பேருக்கு நோய் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டனின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இதனை எளிமையாக விளக்கியது. பதம் செய்த இறைச்சியை மிகக் குறைவாக உண்ணும் 1,000 பேரில், வாழ்நாளில் 56 பேருக்குக் குடல் புற்றுநோய் வரும். மிகுதியாக உண்ணும் 1,000 பேரில் 66 பேருக்கு வரும். வேறுபாடு 10 பேர். அந்தப் பத்தை 56-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 18 சதவீதம் வரும்.

பத்துப் பேர் என்பது சிறு எண்ணா, பெரிய எண்ணா? தனிமனிதர்க்கு அது சிறு ஐயப்பாடு. ஒரு நாட்டுக்கு அது சிறிதன்று. பதம் செய்த இறைச்சி மிகுந்த உணவால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 34,000 பேர் புற்றுநோயால் இறக்கின்றனர் என்ற மதிப்பீட்டை 2015-இல் உலக நலவாழ்வு நிறுவனம் எடுத்துக்காட்டியது. புகையிலைக்கு உரிய எண் பத்து இலட்சம். ஆகவே 'புகையிலைக்கு ஒப்பு' என்பது மிகை. 'ஒன்றுமே இல்லை' என்பதோ, 34,000 குடும்பங்களை மறந்துவிடுவதாகும்.

முடிவு

அன்பார்ந்த வாசகர்களே, இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். ஹாம் புரதமும் தயமினும் தரும் உணவே. ஆனால் உப்பு மிகுந்தது. பேக்கன் சுவைக்காகச் சிறிது சேர்த்துக்கொள்ளும் பொருளேயன்றி, ஊட்டத்துக்காக உண்ணத்தக்கதன்று. செலரி வாசகம் பணத்தைப் பறிக்குமேயன்றிப் பாதுகாப்பைக் கூட்டாது. என்றோ ஒருநாள் உண்பவர் அஞ்ச வேண்டுவதில்லை. நாள்தோறும் உண்பவர், அதிலும் குழந்தைகளுக்கு நாள்தோறும் கொடுப்பவர், குறைத்துக்கொள்வது நல்லது. பதம் செய்யாத இறைச்சி, முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றில் எது கிடைப்பினும் அந்தப் புரதத்தை அத்துணை உப்பின்றியே பெறலாம்.

இம்முடிவுகளை நீங்கள் மறந்துவிட்டாலும் குற்றமில்லை. ஆனால் இவற்றை அடைய நாம் கேட்ட கேள்விகளை மறந்துவிடாதீர்கள். எவ்வளவு? எந்த நிலையில் அளந்தது, பச்சையிலா, சமைத்தபின்னா? அதனுடன் வேறு எவை வருகின்றன? இக்கூற்றைச் சொல்பவர் எதை விற்கிறார்? நாளை ஒரு சத்துமாவுப் பொட்டலத்தையோ, எண்ணெய்ப் புட்டியையோ, 'இயற்கையானது' என்று அச்சிட்ட வேறு எதனையோ கையில் எடுக்கும்போது, காசு கொடுக்குமுன் இந்நான்கு கேள்விகளையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.